விறாந்தையில் நின்றவர்

அவர் இறந்த செய்தி எனக்கு மதுரங்குளிச் சந்தியில், மஹ்ரூப் நானாவின் கடையில் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் பாண் வாங்க இறங்கியிருந்தேன். நானா பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“சேர், ஒங்கட பாதர் மௌத்தாப் போயிட்டாராம். காலையில ஒரு லொறிக்காரன் சொல்லிட்டுப் போனான். நல்ல மனிசன். எங்கட கடைக்கு வந்தா கதிரையில இருந்து ரெண்டு கதை கதைக்காமப் போக மாட்டார்.”

எந்தப் பாதர் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அருட்தந்தை எஸ்தாக்கிக்கும் இடையில் பன்னிரண்டு வருடங்களாகப் பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லை என்பது நானாவுக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம், அங்கி போட்ட ஒரு சாமியாரும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு குருமட மாணவனும் ஒன்றாக வந்து, பிளேன்ரீ குடித்து, சிரித்துக்கொண்டே போனதை. அவர் மனதில் நாங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கிறோம். நான் பாணை மேசையிலேயே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். நானா பின்னால் ஓடிவந்து தந்தார்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லித் தொலைபேசி வந்தது. “நீங்கதானே சாமிக்குப் பிடிச்ச பிரதர். நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்க” என்றார் மலர்க்குழுவில் இருந்த ஒருவர். நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் இருக்கின்றன, நாற்பதும் இருக்கின்றன. ஆனால் அவற்றோடு வேறொன்றையும் சேர்த்து எழுதாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் குழுவின் விருப்பம். கத்தரிக்கோல் வைப்பதென்றால் முழுவதையும் வெட்டிவிடுங்கள். பாதியை மட்டும் வெட்டி எங்கள் இருவரையும் நல்லவர்களாக்க வேண்டாம்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தலவிலத் திருவிழாவுக்கு வடக்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் திரும்பவும் வரத் தொடங்கியிருந்த காலம். குருமட வாழ்வின் முதல் வருடங்களை நாங்கள் கழித்த இல்லம் கடற்கரையோரத் தென்னந்தோட்டம் ஒன்றுக்குள் இருந்தது. பதினெட்டு மாணவர்கள். அதில் ஆறு பேருக்கு எஸ்தாக்கி சாமி ஆன்ம குரு. அந்த ஆறில் நான் ஒருவன்.

ஆன்ம குரு என்றால் என்ன என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பாடம் சொல்லித் தருபவர்கள் வேறு. ‘இவன் ஆவான், இவன் சரிவர மாட்டான்’ என்று தீர்மானிக்கிற அதிபர் வேறு. ஆன்ம குரு இந்த இரண்டிலும் சேராதவர். பயம், கோபம், ஆசை, சந்தேகம் என்று மாணவனின் மனதில் கிடப்பதையெல்லாம் காது கொடுத்துக் கேட்பவர். கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அவருக்கு உள்ள முதல் சட்டம். வருட முடிவில் சாமிமார் ஆலோசனைக் கூட்டம் கூடி, ஒவ்வொரு மாணவனின் பெயராக எடுத்துக் கதைப்பார்கள். தன்னுடைய மாணவனின் பெயர் வந்ததும் ஆன்ம குரு எழும்பி அறையை விட்டு வெளியில் போய்விட வேண்டும். எங்கள் இல்லத்தில் அதுதான் வழக்கம்.

முதல் நாளே அவர் அதை எனக்குச் சொன்னார். அறையில் வைத்தல்ல, கடற்கரையில் வைத்து. வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு நடப்பார். “இருந்து கதைச்சா மனிசன் யோசிச்சு யோசிச்சுப் பொய் சொல்லுவான் பிரதர். மணல்ல நடந்தா மூச்சு வாங்கும். பொய்க்கு மூச்சு மிஞ்சாது” என்பார். பிறகு நின்று, காலடி மணலைக் காட்டினார்.

“இங்க கதைச்சது இங்கயே. உங்கட பேர் வந்தா நான் எழும்பி விறாந்தைக்குப் போயிருவன். அங்க நிண்டு தென்னைமரம் எண்ணுவன். கூப்பிட்டாத்தான் திரும்ப உள்ள போவன். விளங்குதா?”

“ஓம் சாமி.”

“விளங்கினா இனி நீங்க கதைங்க. நான் கேக்கிறன்.”

எனக்கு அப்போது வயது இருபது. அதுவரை என்னை யாரும் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகியவர்கள், ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார். எஸ்தாக்கி சாமி கேட்ட விதம் எனக்கு ஒரு புதுப் பழக்கமாக இருந்தது. நான் பேச்சை முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். முடிந்த பிறகும் இன்னும் பத்தடி நடப்பார். அந்தப் பத்தடிக்குள் நானே மீதியையும் சொல்லிவிடுவேன்.

என் குறை கோபம். சும்மா கோபமில்லை, பொறி பறக்கிற கோபம். ஆடித் திருவிழாவில் யாத்திரிகர்களுக்கு வழி காட்ட எங்களைத் தலவிலவுக்கு அனுப்பினார்கள். ஒரு குடும்பம் நான் கயிறு கட்டித் தடுத்த இடத்தில்தான் பாயை விரிப்போம் என்று நின்றது. நான் தமிழில் கத்த, அவர்கள் சிங்களத்தில் கத்த, கூட்டம் சேர்ந்துவிட்டது. எஸ்தாக்கி சாமி வந்தார். என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை.

“பிரதர், செருப்பைக் கழட்டுங்க.”

“என்ன சாமி?”

“கழட்டுங்க. கழட்டிப் போட்டு இப்ப கத்துங்க பாப்பம்.”

பகல் பன்னிரண்டு மணி, தலவில மணல். இரண்டு வசனம் கத்துவதற்குள் நான் ஒற்றைக் காலில் நின்றேன். பாயை விரித்த அம்மாதான் முதலில் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பின்னேரம்வரை அந்தக் குடும்பத்துக்குத் தண்ணீர் சுமந்தேன், சாமியும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். “கோவம் வந்தா முதல்ல வெறுங்காலோட நில்லுங்க. வெறுங்காலோட ஒருத்தரும் கனநேரம் கத்த மாட்டினம்” என்றார். இன்றைக்கும் வகுப்பில் எனக்குக் கோபம் ஏறினால் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றுகிறேன். பிள்ளைகள் சேருக்குக் கால் வலி என்று நினைக்கிறார்கள்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பாட்டும் நினைவிருக்கும். பாட்டுப் பூசையில் அவர் சுருதி பிடிப்பதற்குள் பூசை முடிந்துவிடும். அதைச் சொல்லி நாங்கள் நையாண்டி செய்தால் எங்களோடு சேர்ந்து தானும் சிரிப்பார். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கெட்டவர் ஒருவர் எனக்குக் கெடுதல் செய்திருந்தால் நான் என்றைக்கோ மறந்திருப்பேன்.

அடுத்த வருடம், சோழகம் தொடங்குகிற நேரம். அந்தக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துக் கடல் கலங்கிவிடும், மீனவர்கள் வேறு கரைக்குப் போவார்கள். கரையில் அவர்கள் கட்டியிருந்த வாடிகளை, அதாவது தொழில் காலத்தில் தங்குகிற கிடுகுக் குடில்களை, அவிழ்த்துக் கம்பும் கிடுகுமாக லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு வாடியில் பிறந்தவன்தான். என் அப்பாவும் ஒவ்வொரு வருடமும் அப்படி அவிழ்த்துக் கட்டியவர்தான். அந்த வியாழக்கிழமை அதைப் பார்த்தபடி நடந்தபோது, குருவாகக் கடவுள் என்னை அழைத்தாரா, அந்த அழைத்தல் நிலைக்குமா என்று பல மாதங்களாக நெஞ்சில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

“சாமி, எண்ட அழைத்தல் வாடி மாதிரி. இப்ப நிக்குது. காத்து மாறினா நானும் கழட்டிக் கட்டிக்கொண்டு போயிருவனோ எண்டு பயமா இருக்கு.”

அவர் பத்தடி நடந்தார். பிறகு நின்று சிரித்தார். எங்கள் கரைப் பிள்ளைதான் அவரும், வாடி என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

“வாடியில இருக்கிறவன்தான் கடலுக்குக் கிட்ட இருக்கிறான் பிரதர். கல்வீடு கட்டினவன் தூரத்தில இருந்து பாக்கிறான். வாடியிலயே இருங்க. காத்து மாறினா மாறட்டும். அடுத்த காத்துக்குத் திரும்பி வந்து கட்டுறதும் வாடிக்காரன்தானே?”

நான் அழுதேன். என் சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்துக்கொண்டு கடவுளுக்கு முன் நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நாளிலிருந்து என் மனம் ஒரு நிலைக்கு வந்தது. குருவாவதென்று உறுதியாக நான் முடிவெடுத்தது அந்தக் கரையில்தான். இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஆலோசனைக் கூட்டம் நடந்தது. நாங்கள் தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தோம். கூட்ட அறை விறாந்தை அங்கிருந்து தெரியும். எஸ்தாக்கி சாமி வெளியில் வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஆறு பேரில் ஒருவனின் பெயர் உள்ளே எடுபடுகிறது என்று அர்த்தம். அகரவரிசையில் நான் நான்காவது. நான்காவது முறையும் அவர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தென்னைமரங்களைப் பார்த்தார். பிறகு என்னைக் கண்டு கையசைத்தார். நானும் புல்லோடு கையை ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அதிபர் கூப்பிட்டார். அதிபர் மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர். மீன் குழம்பை விரும்பிச் சாப்பிடுவார், மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. குரல் உயர்த்தாமல்தான் பேசினார்.

“பிரதர், உங்கட அழைத்தல் வாடிப் போச்சு எண்டு நீங்களே சொல்லியிருக்கிறீங்க. வாடின பூவை வச்சுப் பீடம் சோடிக்க ஏலாது தானே. வீட்ட போய் யோசிச்சுப் பாருங்க.”

“நான் அப்பிடிச் சொல்லேல்ல பாதர்.”

“‘எண்ட அழைத்தல் வாடி’ எண்டு சொன்னீங்களா, இல்லையா?”

அந்தச் சொல்லை நான் அம்மாவிடம் சொன்னதில்லை, பக்கத்துக் கட்டிலில் படுத்தவனிடமும் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அது அதிபரின் வாயிலிருந்து வந்தது. ‘மாதிரி’ என்ற சொல் மட்டும் வழியில் விழுந்துவிட்டது. மீன்வாடியை அறியாதவர் அதைப் பூ வாடுகிற வாடலாக எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் எஸ்தாக்கி சாமியின் உடம்பு வெளியில் நின்றது. அவர் கொண்டுபோன என் சொல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

“யார் சொன்னது பாதர்?” என்று நான் கேட்டிருக்கலாம், அது மீன்வாடி என்று விளக்கியும் இருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன். கேட்டிருந்தாலும் விளக்கியிருந்தாலும், யாரிடம் சொன்னேன் என்ற இடத்தில் எஸ்தாக்கி சாமியின் பெயர் வந்திருக்கும். அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்திருப்பார்கள். மற்ற ஐந்து பேரும் தாங்கள் மணலில் கொட்டியதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நடுங்கியிருப்பார்கள். அதைவிட எளிமையான காரணம் ஒன்றும் உண்டு. எனக்கு அவரில் பாசம்.

“ஓம் பாதர், சொன்னனான்” என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எஸ்தாக்கி சாமி விறாந்தையில் நின்றார். வாடி என்றால் என்ன என்று அறிந்தவர், அந்த இல்லத்துச் சாமிமாரில் அவர் ஒருவர்தான். உள்ளே போய், “அது வாடின பூவில்லை, மீன்வாடி” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், அது அவருக்கு எப்படித் தெரியும், யாரிடம் சொன்னார் என்ற கேள்வி வரும். அவர் என் தோளைத் தொட்டார்.

“கவனமாப் போய் வாங்க தம்பி.”

தம்பி. இரண்டு வருடமாகப் பிரதர் என்று கூப்பிட்டவர்.

ஊருக்கு வந்தேன். குருமடத்திலிருந்து திரும்பி வந்தவனை எங்கள் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “எந்தப் பொம்பிளை?” என்றுதான் முதலில் கேட்டார்கள். அம்மா என் அங்கிக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணியை அலுமாரியின் அடியில் தள்ளிவிட்டு, ஒரு வருடம் கோவிலில் பின்வரிசையில் இருந்தார். நான் படித்து, கனமூலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியரானேன். அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. ஆனால் அது நான் கேட்ட வாழ்க்கையில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, பீடத்தில் நிற்பது. அதை என்னிடமிருந்து எடுத்தது அதிபரில்லை.

எப்படி அந்தச் சொல் போயிருக்கும் என்று பல விதமாக யோசித்திருக்கிறேன். ஒருவேளை மத்தியானச் சாப்பாட்டு மேசையில், பக்கத்தில் இருந்த ஒரு சாமியிடம் என்னைப் புகழ்ந்தே சொல்லியிருப்பார். ‘என்ன நேர்மையாக் கதைக்கிற பிள்ளை, அழைத்தல் வாடி எண்டான்’ என்று. நன்றாகக் கதை சொல்லக்கூடியவர், நல்ல சொல் ஒன்று கிடைத்தால் நாக்குச் சும்மா இராது. அது வாய் மாறி அதிபரிடம் போயிருக்கும். அப்படியென்றே வைத்துக்கொள்வோம். புகழ்ந்து சொன்னாலும் இகழ்ந்து சொன்னாலும் அந்தச் சொல் அவருடையதில்லை.

ஐந்தாறு வருடம் கழித்துத் தலவிலத் திருவிழாக் கூட்டத்தில் அவரைக் கண்டேன். அவரும் கண்டார். நேரே வந்து பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். அந்த வாடிச் சொல்லைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. நான் பதில் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“மணல் சுடுதா தம்பி?”

“ஓம் சாமி. சுடுது.”

“கனநேரம் நிக்க வேணாம்” என்றார். சொல்லிவிட்டு, நிற்காமல் அவர்தான் போனார்.

இறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது. “பிரதர், ஒருக்கா வந்திட்டுப் போங்க.” அத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை காலையே போனேன். நோயுற்ற சாமிமார் தங்கும் வீட்டில் ஒரு கதிரையில் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். “நடந்து கதைப்பம்” என்றார். கடற்கரை அவருக்கு இனி எட்டாது. விறாந்தையில் நடந்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஏழு முறை. அவர் கதைத்தார். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன், அவர் முடித்த பிறகும் பத்தடி நடந்தேன். அந்தப் பத்தடியில் மீதியையும் சொன்னார். கதிரைக்குத் திரும்பியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இங்க கதைச்சது?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

பதிலை என் வாயிலிருந்து கேட்க விரும்பினார். கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று நாக்கு நுனிவரை வந்தது. செருப்பு வெளியில் படிக்கட்டில் கிடந்தது, நான் ஏற்கனவே வெறுங்காலோடுதான் நின்றேன்.

“இங்கயே சாமி” என்றேன்.

அடக்கத்துக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். பழைய அதிபர் வந்திருந்தார், நரைத்திருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று ஏழு முறை நடந்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“எஸ்தாக்கி சாமி கடைசியா உங்களோடதான் கனநேரம் கதைச்சவராம். என்ன சொன்னவர்? பழைய விசயங்களா?”

சுற்றியிருந்தவர்களும் தேநீர்க் கோப்பையோடு திரும்பினார்கள். அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும், இதை வாசிக்கிற உங்களுக்கும் இப்போது ஒரே ஒரு பதில் சொல்கிறேன். சொல்லப்படாத ஒன்று இரகசியமாகாது என்பதால் இதைச் சொல்லலாம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாடி என்ற சொல்லை வாயிலும் எடுக்கவில்லை. நான் அதற்காகத்தான் போயிருந்தேன். ஏழு முறையும் ஒவ்வொரு கோடியிலும் திரும்பும்போது, இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. அது அவருடைய பாரம், அவருடைய பயம். அதில் ஒரு சொல் வெளியில் வந்தாலும் இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதெல்லாம் வேறு மாதிரி வாசிக்கப்படும்.

அதிபர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வெளியில் போனேன். விறாந்தையில் நின்றேன். எதிரே கோவில் வளவில் தென்னைகள் நின்றன. எண்ணினேன், பதினாறு.

எஸ்தாக்கி சாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். பெயர் வந்தால் எழும்பி வெளியில் போகத் தெரியும். அவர் வெளியில் வந்தபோது என் சொல்லை உள்ளே விட்டுவிட்டு வந்தார். நான் அவருடையதை என்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.